சங்கு ஊதியதும் முடிந்த படம்

உலகத்தில் எங்கே படம் போட்டாலும் சங்கு ஊதும்போதுதான் அது முடியும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சின்ன வயதில் என்றால் பரவாயில்லை. மீசை முளைத்து, தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு ஆஜர் போடும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நம்பினேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மகள் போனில் பழைய படம் ஒன்றை ஓடவிட்டிருந்தாள். யாரோ எழுதிய நாவலைப் படமாக்கியது, காதல் கதை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினாள். நான் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினேன்.

"சும்மா எங்கப்பா எழுந்து போறீங்க? படம் இன்னும் இருபது நிமிஷம் இருக்குது" என்றாள் மகள்.

ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய வேலை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு நேரம் கிடந்தது. எழுந்தது நான் இல்லை, என் கால்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் எழுந்த கால்கள். கையில் இருந்த பூண்டு வாசனையும் சேர்ந்துகொண்டது.

எங்கள் ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் காலைக் காட்சி என்றாலே பூண்டு வாசனைதான். மதிய ஷிப்டுக்குப் போகிறவர்கள் சோற்றுக் கேரியரோடு வந்து, அதை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் படம் பார்ப்பார்கள். இடைவேளைக்குள் பூண்டுக் குழம்பும் கருவாடும் அரங்கம் முழுக்க உலாவும். திரையில் ரோஜாத் தோட்டத்தில் இரண்டு பேர் கைகோத்து நடக்கும்போது எனக்குப் பசிக்கும். இன்றைக்கும் காதல் பாட்டு கேட்டால் பசிக்கிறது, இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஷிப்டுக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதும். மொத்தக் கூட்டமும் குனிந்து கேரியரை எடுக்கும். படம் ஓட்டும் காளியப்பன் அண்ணன் இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சண்டைப் படமாக இருந்தால் எங்கேயாவது இரண்டு பாட்டை வெட்டி, சங்குக்குள் வில்லனைச் சாகடித்துவிடுவார். காதல் படமாக இருந்தால் கடைசி ரீலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மாட்டார். எழுந்து போகிறவன் முதுகுக்கா படம் காட்டுவது என்பது அவர் கேள்வி. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் காலைக் காட்சி. காதல் படம் என்றால் அறுந்த மாதிரிதான் முடியும், அது ஏதோ பெரிய கலை என்று மரியாதையோடு வெளியே வருவேன்.

டைம் ஆபீஸ் என்றதும் பென்சில் ஞாபகம் வருகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த வருடம் நான் வாங்கிய பென்சில்களை வைத்து இரண்டு பள்ளிக்கூடம் நடத்தியிருக்கலாம். கடைவீதியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடை. முதலாளியின் மகள் கல்யாணி கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாடகைக்கு விடும் நாவல்கள் ஒரு அலமாரி நிறைய. தங்கம் பிரித்த கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் கடைவீதி முழுக்க வெள்ளைப் புழுதி. அவள் இரண்டு நாவலை எடுத்துப் பட்டென்று அறைந்து புழுதியைத் தட்டுவாள். அது நேராக என் மூக்குக்கு வரும். தும்மிக்கொண்டே பென்சில் கேட்பேன். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் படித்தவள் அவள். நானோ மூன்றாவது பக்கத்தில் தூங்குகிறவன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பென்சில் வாங்கிய கையோடு, நாம் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுவைத்தேன். அது பெண் கேட்டதா, வேடிக்கை பேசியதா என்று எனக்கே தெரியாதபடி கேட்டேன். அடி விழுந்தால் வேடிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அவள் சிரிக்கவில்லை. ஆவணி பிறந்தால் கோலாரிலிருந்து ஒரு குடும்பம் தன்னைப் பெண் பார்க்க வருகிறது என்றாள். அப்புறம் அலமாரியில் ஒரு நாவலைக் காட்டினாள்.

"இது படமா வந்துக்கீது. திங்கக்கெழம நம்மூர்ல போடறாங்க. போய் பாருங்க. கடசில அந்தப் பொண்ணு இன்னா பண்றாளோ, அதான் என் பதில்."

மூன்று நாள்தான் போட்டார்கள், அதுவும் காலைக் காட்சி மட்டும். நான் முதல் நாளே போனேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பசிக்காமல் ஒரு காதல் படம் பார்த்தேன். கதாநாயகி ரயிலில் ஏறினாள், ரயில் கிளம்பியது, சங்கு ஊதியது, விளக்கு எரிந்தது. முடிந்தது. ஏறிவிட்டாள், போய்விட்டாள், அதுதான் பதில்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொன்னால் என் மகள் என்னை மதிக்கமாட்டாள், இப்போதும் பெரிதாக மதிப்பதில்லை. தாடி வளர்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே அரிப்பு தாங்காமல் மழித்தேன். வடக்கே எந்தச் சுரங்கத்துக்கானாலும் மாற்றல் கொடுங்கள் என்று ஒரு மனு எழுதினேன், எல்லாம் அவளிடம் வாங்கிய பென்சில்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆஜர் புத்தகத்தில் எனக்கே லீவு போட்டுக்கொண்டேன். கடைவீதியைத் தவிர்க்க வீட்டுக்கு நாலு தெரு சுற்றிப் போனேன்.

அடுத்த வாரம் டீக்கடையில் காளியப்பன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் அந்தப் படத்தைப் பற்றி வருத்தப்பட்டார்.

"நல்ல படம்பா. கடசி ரீலத்தான் நம்மூர்ல ஒருத்தனும் பாக்கல."

டீ எனக்குப் புரையேறியது. "கடசி ரீலா? அதுல இன்னா ஆவுதுண்ணா?"

"எனக்கு இன்னா தெரியும்? பெட்டியோட வந்துச்சு, பெட்டியோட போச்சு. கோலார்ல போட்டுக்கீறானுங்க, போய் பாரு."

அந்த நிமிடம் எனக்குள் ஒன்று கெட்டியானது. அந்த ரீலைப் பார்க்காமல் விடுவதில்லை. ஆஜர் புத்தகத்தில் மறுபடி எனக்கு லீவு போட்டேன், இந்தத் தடவை தெரிந்தே. மறுநாள் முதல் பஸ்ஸில் கோலார் போனேன். தியேட்டர் வாசலில் கன்னடப் படத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், பசை இன்னும் ஈரம். பெட்டி நேற்றே முல்பாகல் போய்விட்டதாம். முல்பாகல் போனேன். அங்கே அந்தப் பெட்டியைக் கண்டவர்களே இல்லை. ஆவணி பிறக்க எட்டு நாள் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை முட்டியபோதுதான் உறைத்தது: படம் போனால் என்ன, புத்தகம் இருக்கிறதே.

இறங்கி நேராகக் கடைக்குப் போய் நாவலைக் கேட்டேன். கல்யாணி என் முகத்தைப் பார்க்காமல் எடுத்து வைத்தாள். நோட்டில் என் பேரை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதிய மாதிரி இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டலாமா என்று கை துடித்தது. கூடாது என்று அடக்கினேன். மூன்றாவது பக்கத்தில் எழுந்து முகம் கழுவினேன். நின்றுகொண்டு படித்தேன், நடந்துகொண்டு படித்தேன், ஆஜர் புத்தகத்துக்குள் வைத்தும் படித்தேன். நாலாம் நாள் முடித்தேன். நாவலிலும் அவள் ரயிலில் ஏறினாள். ரயில் போனது. அதற்கு மேல் தாள் இல்லை.

பயந்து நடுங்குகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பயப்பட வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டால் பயம் நின்றுவிடுகிறது. புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"புக்ல அவ போயிட்டா. படத்துல கடசி ரீல நான் பாக்கல, நம்மூர்ல யாரும் பாக்கல. அந்தப் பொண்ணு இன்னா வேணா பண்ணட்டும். நான் உங்களக் கேக்கறேன். என்னக் கட்டிக்கறீங்களா?"

வேடிக்கை கலக்காமல் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"முழுசா படிச்சீங்களா?" என்றாள்.

"நடுவுல ஒரு தடவ தூங்கனேன்."

அவள் புத்தகத்தை அலமாரியில் செருகினாள். "இப்படி நேரா கேக்கறதுக்கு இத்தினி நாளு. அப்பா உள்ளதான் கீறாரு. போங்க."

உள்ளே போகாமல் ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. போனேன். அவள் அப்பா கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமல் நான் சொன்னதைக் கேட்டார். சுரங்கக் குடும்பம், கடைக் குடும்பம் என்ற பேச்சு வரும் என்று ஏழு பதில் தயாரித்துப் போயிருந்தேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

"மைன்ஸ மூடப்போறான்னு ஊரே பேசிக்கினு கீது. மூடிட்டா எம் பொண்ணுக்கு எவன் சோறு போடுவான்?"

"நான் போடுவேன்" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கணக்கு நோட்டின் மேல் வைத்தார். கோலாருக்கு ஆள் அனுப்பி, வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தியேட்டரை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியாயிற்று. போன மாதம் அங்கே ஒரு பந்தியில் உட்கார்ந்தேன், பூண்டு ரசம் பரிமாறினார்கள். காளியப்பன் அண்ணன் இல்லை. சங்கும் இல்லை. அது நின்ற முதல் நாள் ஊரில் யாருக்கும் எப்போது சாப்பிடுவது என்று தெரியவில்லை.

"கடசில இன்னா ஆவுதுன்னு சொல்லட்டாப்பா?" என்றாள் மகள். வேண்டாம் என்று கையைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு வேலை போனது. நான் சோறு போடவில்லை. மூடிய மறு மாதம் கல்யாணி மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போனாள், இருபது வருடத்துக்கும் மேலாகத் தினமும் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் அந்தச் சாயங்காலம் ரயில் பத்து நிமிடம் தாமதம். வந்து நின்றது. கல்யாணி இறங்கினாள். பையை வாங்கிக்கொண்டேன்.