மூக்கு மட்டும் முழித்திருக்கும்

புது எலக்ட்ரானிக் போர்டு ஒன்று கைக்கு வந்ததும் ஜாஸ்மின் செய்கிற முதல் வேலை, அதிலுள்ள விளக்கைப் பிடுங்குவது. எந்த நாட்டில் செய்த போர்டாக இருந்தாலும் ஓரத்தில் கடுகளவு ஒரு விளக்கு இருக்கும். கரண்ட் வருகிறது என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு ஜோலி கிடையாது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் ராடால் இரண்டு பக்கமும் ஒரு தொடு தொட்டு, இடுக்கியால் கிள்ளி எடுத்து, பழைய இருமல் மருந்து பாட்டிலுக்குள் போடுவாள். "சும்மா உக்காந்து பல்லக் காட்டறதுக்கு உனக்கு சம்பளமா?" என்று திட்டும் கூடவே விழும். பாட்டில் இப்போது முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆம்பூரில் அவள் வீட்டு முன்னறையில், ஷூ கம்பெனி கழித்துப்போட்ட தையல் மேஜை ஒன்றின் மேல் உருவாகிறவை எல்லாம் உள்ளங்கை அகலப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூளையாக ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு சென்சார், கம்பியில்லாமல் சேதி அனுப்பும் சின்ன ரேடியோ, விரல் நீள பேட்டரி ஒன்று. அந்த ஒற்றை பேட்டரியில் பெட்டி இரண்டு வருஷம் ஓட வேண்டும். "தூங்கற பொட்டி இருநூறு சேந்து குடிக்கிற கரண்ட்ட, இந்தத் தம்மாத்தூண்டு லைட்டு ஒண்டியா குடிக்குதுங்க. எரிய விட்டா அம்பதே நாள்ல பேட்டரி காலி" என்பாள்.

தூக்கம்தான் அவள் தொழிலின் சூட்சுமம். பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கண் விழித்து, பார்த்ததைச் சொல்லிவிட்டு, கொட்டாவிகூட விடாமல் மறுபடி தூங்கிவிட வேண்டும். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே கரண்ட் அளக்கிற மஞ்சள் மீட்டரைக் கோத்துவிட்டு, அது தூங்கப் போகிற நேரத்தை, தொட்டிலருகே நிற்கிற தாய் மாதிரி மூச்சடக்கிப் பார்ப்பாள். ஐந்து இலக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்த எண் சட்டென்று விழுந்து ஒன்பதில் நிற்கும். ஒன்பது மைக்ரோ ஆம்ப் என்றால், ஒரு டார்ச் லைட் குடிப்பதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டில் நின்றுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தக் குணம் மேஜையோடு நின்றால் பரவாயில்லை. விருந்துக்குப் போன வீட்டில் காலி அறையின் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். சர்ச்சில் ஆளில்லாத பெஞ்சுக்கு மேல் ஃபேன் சுற்றினால் பிரசங்கம் காதில் ஏறாது. அவள் போனின் வெளிச்சம் எவ்வளவு கம்மியென்றால், அவசரத்துக்கு வாங்கிய நாத்தனார் அதைச் செத்த போன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரியாக இருபது நிமிஷம் பாயில் படுத்துத் தூங்கி, அலாரம் இல்லாமலே எழுந்துவிடுவாள். கேட்டால், "பொட்டிக்கு சொல்லிக்குடுக்கறவளுக்கே தூங்கத் தெரியலன்னா எப்டி?" என்பாள்.

டிப்ளமா படித்தது வேலூரில். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் தையல் லைனில் செக்கிங் பார்த்தாள். பிறகு பஜாரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பற்றவைக்கிற கைவாகு அங்கேதான் வந்தது. அவள் பெட்டியை முதலில் வாங்கியவர் நாட்றம்பள்ளி மாந்தோப்புக்காரர் கோதண்டபாணி, மண்ணின் ஈரம் பார்ப்பதற்காக. இரண்டு வருஷம் ஓடும் என்று சொல்லிக் கொடுத்த பெட்டி மூன்றைத் தாண்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை போன் செய்து, "இன்னும் ஓடுதும்மா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த போன் வந்த நாளில் ஜாஸ்மின் வீட்டில் கேசரி நிச்சயம்.

ஆனால் அவள் மனசு முழுக்க இருந்தது வேறொரு பெட்டி. அவள் கணவன் இன்பராஜ் ஊருக்கு வெளியே தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பதினாலு வருஷமாக எலக்ட்ரீஷியன். கழிவுநீர்க் குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து, செயின் போட்டு மேலே தூக்குவது அவன் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிக் குனிந்தவன் அப்படியே சாய்ந்தான். கூட நின்ற ஆள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. உயிர் வந்தது, வாசனை போய்விட்டது. இன்றைக்கும் அவனுக்கு மல்லிகைப் பூவும் மாட்டுத் தோலும் ஒன்றுதான். குழம்பு தீய்ந்தால் புகையைப் பார்த்துத்தான் சொல்வான்.

அந்தக் குழி வாயு பொல்லாதது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஜாஸ்தியானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று நம்பி ஆள் குனிவான். இன்பராஜுக்கோ அந்த முதல் எச்சரிக்கையும் கிடையாது. வேலையை விடச் சொல்லி அவள் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "நான் போலன்னா அந்த மூடிய இன்னொருத்தன் திறப்பான். அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா இல்ல?" என்றான். இதற்கு மேல் அழுது பிரயோசனமில்லை என்று சால்டரிங் ராடைச் சூடேற்றினாள்.

மாந்தோப்புப் பெட்டி மாதிரி இது பத்து நிமிஷம் தூங்க முடியாது, வாயு காத்திருக்காது. எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரி தாங்காது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் பிடித்த வழியைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் சொல்வாள்: "மூக்கு மட்டும் முழிச்சிருக்கும், மூளை தூங்கும்." வாயுவை உணரும் சென்சார் சொற்ப மின்சாரத்தில் எப்போதும் விழித்திருக்கிறது. வாயு ஏறினால் அது மூளையை இடித்து எழுப்பும். மூளை ரேடியோவை எழுப்பும். அது போக, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'உயிரோடிருக்கிறேன்' என்று ஒரு சேதி. அந்தச் சேதி வராவிட்டால் மூடியைத் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

டேனரியின் மேற்பார்வையாளர் ஜியாவுல்லா, நாலு குழிக்கு நாலு பெட்டி வைக்கச் சம்மதித்தார். நல்ல மனிதர், ஆனால் புதுசாக எதைக் காட்டினாலும் முதலில் நெற்றியைத் தேய்ப்பார். "பக்ரீத் தோல் லோடு வர்றதுக்கு முன்னாடி எல்லாக் குழியும் க்ளீன் பண்ணுவோம்மா. அது வரைக்கும் பொட்டி ஓடுச்சுன்னா வச்சுக்கறேன். நின்னுச்சுன்னா எடுத்துட்டுப் போயிடு. எனக்கு இருக்கற பேஜாரே போதும்" என்றார்.

"பொட்டி மேலயே ஒரு லைட்டு வச்சா இன்னா?" என்று இன்பராஜ் அப்போதே கேட்டான். யாரிடம் எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிட்டான். ஆபத்தில் மட்டும் எரிகிற விளக்கு உதவாது. பெட்டி செத்தாலும் இருட்டு, வாயு இல்லாவிட்டாலும் இருட்டு என்றால் எது எதென்று தெரியாது. அதனால் நாள் முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரியைத் தின்றுகொண்டு. "லைட்டுலாம் கெடையாது. பாய் போன்ல வரும், அவர் சொல்வாரு" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஜியாவுல்லாவிடமிருந்து போன். முதல் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது. அடுத்த நாலு நாளில் இரண்டாவதும் மூன்றாவதும். "உன் சட்டப்படி பாத்தா என் மூணு குழியையும் இனிமே திறக்கவே முடியாதும்மா" என்று சிரித்தார். ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்ரீத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பெட்டி இல்லாவிட்டாலும் குழியைத் திறக்கத்தான் போகிறார்கள், திறக்கப் போகிறவன் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

செத்த மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, ஃபேனடியில் வைத்து, புது பேட்டரி போட்டால் மீட்டரில் அழகாக ஒன்பது. மூன்றுமே ஒன்பது. இரண்டு நாள் அவள் மூன்றையும் பிரிப்பதும் கோப்பதுமாக இருந்தாள். மத்தியானத் தூக்கமும் போயிற்று. நாலாவது மட்டும் ஏன் சாகவில்லை என்று கேட்டுக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. இந்த ஊரில் எது ஆடினாலும் ஒரு துண்டுத் தோலை வெட்டி அடியில் வைப்பது வழக்கம். மேஜைக் கால், ஜன்னல் கதவு, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். அந்தப் பழக்கத்தில், பெட்டிக்குள் பேட்டரி ஆடாமலிருக்க, இன்பராஜ் கொண்டுவந்த துண்டுத் தோலை மெத்தை மாதிரி வெட்டி அடியில் வைத்திருந்தாள். மூன்றுக்குத்தான் தோல் போதுமாக இருந்தது. நாலாவதற்கு அவனுடைய பிய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வெட்டி வைத்தாள்.

காய்ந்த தோலில் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. டம்ளர் தண்ணீரில் விரலைத் தோய்த்துத் தோலில் தடவி மறுபடி வைத்தாள். எண் எகிறியது. பதனிட்டதில் உப்பும் குரோமும் ஏறிய தோல், மூக்குக்காக விட்ட ஓட்டை வழியாகக் குழியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பேட்டரியின் கரண்ட்டை நாள் முழுக்கக் கசியவிட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்திருக்கிறது. "தோலு தண்ணி குடிக்கும்னு தெரியும். கரண்ட்டும் குடிக்குமா?" என்று இன்பராஜ் வாய்விட்டுச் சிரித்தான். மறுநாளே அவள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து, ஒரு தடவைகூடக் காலில் போடாமல் கத்தரியால் வெட்டினாள்.

குழி சுத்தம் செய்கிற நாளன்று நாலு பெட்டியும் உயிரோடிருந்தன. ஜாஸ்மின் வீட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாகப் போனை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குழி சுலபமாக முடிந்தது. இரண்டாவதிலும் மூடி திறக்கும்போது, அவள் போனுக்கும் வருகிற வாயு அளவு பூஜ்யம்தான். திடீரென்று எண் நாற்பது ஆயிற்று, தொண்ணூறு, நூற்று நாற்பது. பெட்டியின் மூக்கு சொன்னபடி தன் மூளையை எழுப்பிவிட்டது. ஆனால் குழியருகே போன் கொண்டுபோகக் கூடாது. இன்பராஜின் போன் அலமாரியில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜியாவுல்லாவும் எடுக்கவில்லை. பெட்டி வேலை செய்கிறது என்று அந்த நேரத்தில் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்து இன்பராஜே கூப்பிட்டு, "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்" என்ற பிறகுதான் போனின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

நடந்தது இதுதான். செயினை இழுத்ததும் மோட்டார் அடிச்சேற்றைக் கலக்க, அடைந்துகிடந்த வாயு கிளம்பியிருக்கிறது. சேதி ஜியாவுல்லாவின் போனுக்கு அந்தக் கணமே வந்துவிட்டது. அவரோ ஷெட்டின் அந்தக் கோடியில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கத்தினார், டிரம் இரைச்சலில் எடுபடவில்லை. இன்பராஜ் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டிருந்தான். ஓடிக்கொண்டே காலிலிருந்த ஷூவைக் கழற்றி வீசினார். நடு முதுகில் விழுந்தது. சுருக்கென்று திரும்பியவன், அவர் கையாட்டுவதைப் பார்த்து, கூட நின்ற ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான்.

மத்தியானமே வீட்டுக்கு வந்தான், சட்டை முதுகில் ஷூ தடத்தோடு. பின்னாலேயே ஜியாவுல்லாவும் வந்தார். ஒரு மனுஷனை ஷூவால் அடித்துவிட்டோமே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. "மன்னிச்சிடுபா" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வழக்கம் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "பொட்டி இருக்கட்டும்மா. பக்கத்து டேனரிக்காரங்களும் கேக்கறாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் நான் ஷூ வீச முடியாது" என்றார்.

அவர் போன பிறகும் ஜாஸ்மினுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சேதி எல்லோருக்கும் போயிருக்கிறது, குழியின் மேல் குனிந்திருந்த ஒரே ஒருத்தனைத் தவிர. அவன் எதிரே உட்கார்ந்து டீ கேட்பதைப் பார்க்க, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. டீயைக் கொடுத்துவிட்டு மேஜைக்குப் போனாள். இருமல் மருந்து பாட்டிலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்தாள். லென்ஸை வைத்துத் தேடி, சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் இடுக்கியால் பொறுக்கினாள்.

"லைட்டுலாம் கெடையாதுன்னியே?" என்றான் இன்பராஜ்.

"எட்டு செகண்டுக்கு ஒரு தடவ, கண் சிமிட்டற நேரம்தான். பச்சைன்னா வேலையப் பாருங்க. செவப்புன்னா ஓடியாந்துடுங்க. இருட்டா இருந்துச்சுன்னா கிட்டயே போவாதீங்க" என்றாள். ராடின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தபடி, "ஒண்ணரை மாசம் ஆயுசு கொறையும். பொட்டிக்குத்தானே, கொறையட்டும்" என்றாள்.

பற்றவைத்து முடித்ததும் பெட்டியை வாசற்படிக்குக் கீழே தரையில் வைத்து, குழியில் குனிகிற மாதிரியே குனிந்து பார்க்கச் சொன்னாள். அவன் டீ டம்ளரை வைத்துவிட்டு முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். பச்சை ஒரு தரம் மினுக்கி மறைந்தது. "தெரியுது, ஜாஸ்மினு" என்றான். பின்னால் நின்ற அவள் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். அடுத்த பச்சை வரும்வரை விடவில்லை.