முன்வாசலில் வாங்கியது, பின்வாசலில் போனது

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் ஜனங்கள் கம்பெனிக்கு போன் பண்ணமாட்டார்கள், அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மனுஷனும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிடுவார். அப்படி ஒரு பிறவி.

ஓய்வுக்கு அப்புறம் அவர் பிடித்த தொழில் வேறு. தெருமுனையில் ஒரு சாரிட்டி கடை. வேண்டாத துணிமணி, பாத்திரம், பொம்மை எல்லாவற்றையும் ஜனங்கள் பின்வாசலில் கொண்டுபோய்ச் சும்மா கொடுப்பார்கள். அதைத் துடைத்து முன்வாசலில் சல்லிசாக விற்பார்கள். வருகிற காசு ஏழைகளின் வைத்தியத்துக்கு. நம் லிஃப்ட்காரர் முன்வாசல் ஆள். கடை திறக்கும்போதே போய் நின்றுவிடுவார். கோட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். கோப்பையை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார். விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து தேய்த்து, துடைத்து, ஜன்னலோரம் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டுப் படம் பிடித்து, ஆன்லைனில் போட்டு நல்ல விலைக்குத் தள்ளிவிடுவார்.

"ஊரான் வீட்டுக் குப்பையைக் கிளறி லாபம் பாக்கறீங்களே மாமா" என்று மைத்துனன் சீண்டுவான்.

"குப்பையில கெடந்தாலும் குன்றிமணி கறுக்காதுடா. உனக்கு எங்க தெரியப்போவுது" என்பார் இவர்.

கிண்டல் ஒரு பக்கம். வீட்டில் மருந்து மாத்திரைச் செலவு அந்தக் குப்பையில்தான் ஓடியது. மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வந்த வழியை மறந்தாள். ஒருநாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியையே "இந்தத் தம்பி யாரு?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மைத்துனன் கிண்டல் பண்ணவில்லை.

மகள் ஒரு காப்பகத்தைப் பார்த்து வைத்துவிட்டு வந்து அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். அவள் மட்டும் லேசுப்பட்ட ஆளா, அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

"உங்களால தனியா முடியாதுப்பா. அங்க நர்ஸ் இருக்காங்க, நல்லாப் பாத்துக்குவாங்க."

"யாரை மறந்தாலும் உங்க அம்மாவுக்கு என்னைத் தெரியுது. என்னைத் தெரியற வரைக்கும் அவ எங்கூடத்தான் இருப்பா. வேற பேச்சு இருந்தாப் பேசு."

"தெரியாமப் போச்சுன்னா?"

"போகும்போது பாத்துக்கலாம்" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய கேமரா காணாமல் போனது. விற்றுப்போன சாமான், வாங்கியவர் பணமும் கட்டியாகிவிட்டது. பார்சல் கட்டலாம் என்று போனால் அலமாரியில் இல்லை. வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். மறுநாள் வழக்கம்போல் கடைக்குப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கேமரா இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

"இது எப்படிம்மா வந்தது?" என்று கடைக்காரம்மாவைக் கேட்டார்.

"நேத்து ஒரு அம்மா பின்னாடி வந்து குடுத்துட்டுப் போனாங்கண்ணா. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க! அதான் விலையைக் கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."

பளபளக்க வைத்த மடையன் நான்தானம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஏற்றின விலையைக் கொடுத்து வாங்கிவந்தார்.

மனைவியைக் கேட்டதும் அவள் மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான் குடுத்தேன். அடுத்தவங்க சாமான் நம்ம வீட்டுல எதுக்கு? பறிகொடுத்தவங்க தேட மாட்டாங்க? நீங்கதான் எடுத்துட்டு வந்து வெக்கிறீங்களா? இந்த வயசுல இது என்னங்க பழக்கம்?"

வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தவள் அவள். பக்கத்து வீட்டுக் கிண்ணம் ஒன்று வந்தால் அன்றைக்கே கழுவித் திருப்பிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். அந்தக் குணம் மட்டும் கழன்று போகவில்லை. திருட்டுப்பட்டம் கட்டிக்கொண்டு நின்ற லிஃப்ட்காரருக்குக் கோபம் வரவேண்டியது, சிரிப்புதான் வந்தது. இப்படி உரிமையோடு திட்டுகிறாள் என்றால் ஆள் யாரென்று தெரிகிறது என்றுதானே அர்த்தம்! அன்று முழுவதும் மனுஷன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினார்.

அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. இவர் முன்வாசலில் வாங்கிவருவார். இவர் குளிக்கப் போனதும் அவள் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலில் கொடுத்துவிட்டு வருவாள். எத்தனையோ வழி மறந்தவளுக்கு அந்தக் கடைக்குப் போகிற வழி மட்டும் மறக்கவில்லை. சில சாமான்களை அவர் மறுபடி மறுபடி வாங்கினார். கடைக்காரம்மாவுக்கும் விஷயம் தெரிந்துபோனது.

"அண்ணி கொண்டுவந்ததைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்ணா. காசெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போங்க."

"அது வைத்தியக் காசும்மா. புடி" என்று மேஜைமேல் வைத்துவிட்டு வருவார். வீம்பு!

ஆனால் ஆன்லைனில் வாங்குகிறவனுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? பார்சல் தாமதம், ஏமாற்றுக்காரன் என்று எழுதித் தள்ளினார்கள். ஆர்டர் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாமான் அறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். சாவி எந்நேரமும் அவர் இடுப்பில். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன், நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அவள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவேண்டிய சாமான் வேறெங்கே இருக்கிறது என்று வீட்டுக்குள் தேட ஆரம்பித்தாள்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாளே என்ற தைரியத்தில் அவர் கடைக்கு வந்திருந்தார். கோட்டுகளுக்கு நடுவே நின்று ஒன்றின் உள்பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்துத் தடுப்புக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. வந்துட்டாடா மகராசி என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மேஜைமேல் இரண்டு பைகள். கடைக்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவருடைய சட்டைகள். வேலைக்குப் போட்டுப்போன நீலச்சட்டையும் இருந்தது. ஒவ்வொன்றும் கடையில் வாங்கியதுபோல் மடித்து, பட்டன் போட்டிருந்தது. 'அடிப்பாவி, இனி நான் எதைப் போட்டுக்கிறது' என்று கேலி பண்ணத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரோடதும்மா. அவரு போயிட்டாரு. அலமாரியில சும்மா கெடக்குது, யாராவது போட்டா புண்ணியம்."

கடைக்காரம்மா நீலச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஒரு புள்ளத்தாச்சியைத் தூக்கி வெளிய எடுத்தாரு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல. அடுத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"நான்தாம்மா. இதோ நிக்கிறேன் பாரு" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, குழப்பமில்லை. கடைக்கு வந்த ஒருவரைப் பார்க்கிற மரியாதையான பார்வை. "துணி பாக்க வந்தீங்களா? எடுத்துக்கோங்க. அவரும் உங்க உயரம்தான், சரியா இருக்கும்."

அவருக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லை. தன் பேரைச் சொன்னார், மகள் பேரைச் சொன்னார், கல்யாணமான புதிதில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றைக்கூடக் கடைக்காரம்மா முன்னாலேயே வெட்கத்தை விட்டுச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கடைசியில், "வா, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தார்.

அவள் வெடுக்கென்று உதறிக்கொண்டு கடைக்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"யாருன்னே தெரியாது, கையைப் புடிக்கிறாரும்மா! எங்க வீட்டுக்காரர் மட்டும் இருந்திருந்தா இவரைச் சும்மா விட்டிருப்பாரா?"

"அண்ணா, கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. நான் உக்கார வெக்கிறேன்" என்றாள் கடைக்காரம்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

அவர் வெளியே வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது தெரிந்தது. இவர் இருக்கும் பக்கம் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். அவள் கண்ணில் படாமல் இருக்க அவர் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"கடைக்கு வாம்மா. வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"என்னப்பா ஆச்சு? அம்மா விழுந்துட்டாங்களா?"

"இல்ல இல்ல, அம்மா நல்லா இருக்கா" என்றார். "எங்கூட வரத்தான் பயப்படறா."