துளசிங்கம் கீறான்

துளசிங்கம் பஹ்ரைனில் மீன் பிடிக்கிறான் என்பது எங்கள் குப்பத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஊர்க்கூட்டத்தைப் பொறுத்தவரை அவன் இங்கேயேதான் இருந்தான். இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு முதலில் பாடு என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பழவேற்காட்டு ஏரி அப்படியில்லை. இறால் வலை கட்ட எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முறை பிரிக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமாகி, ஊரில் குடித்தனம் நடத்துகிற ஆண்களுக்குத்தான் அது உண்டு. ஊரை விட்டுக் கிளம்பிப் போனவனுக்குக் கிடையாது, ஒருமுறை விட்டுப்போன பெயரைத் திரும்பச் சேர்ப்பதும் லேசில்லை. கூட்டத்தில் ஊர்த்தலைவரான நாட்டார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். துளசிங்கத்தின் பெயர் வரும்போது அவன் தம்பி தீனா எழுந்து நின்று, "கீறான்" என்பான், இருக்கிறான் என்று அர்த்தம். நாட்டார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையும் விமானம் ஏறலாம் என்ற நினைப்பு எல்லோர் மனசிலும் இருந்தது.

துளசிங்கம் என்னோடு படித்தவன். படித்தவன் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது. விடியுமுன் ஏரிக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் நன்றாகத் தூங்குவான். வளர்ந்த பிறகும் அவனுக்கென்று ஒரு படகு வாய்க்கவில்லை. அடுத்தவன் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். மீன் குறைந்த ஒரு வருஷம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். "ஷூ போட்டுக்கினு தண்ணிய வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அதற்கப்புறம்தான் ஏஜென்ட்டைப் பிடித்து பஹ்ரைனுக்குப் போனது. ஆசை ஒன்றே ஒன்றுதான். சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்கி, திரும்பி வந்து, தன் பாடு நாளில் தானே வலை கட்ட வேண்டும். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஊர் வங்கியில் சேர்த்துக்கொண்டே இருந்தான்.

போன வருஷம் அந்தக் கணக்கை வங்கி நிறுத்தி வைத்தது. விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கி அனுப்பிய செய்தியெல்லாம் அவனுடைய பழைய ஊர் நம்பருக்குப் போயிருக்கிறது. அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்தது. பணம் நகரவில்லை என்று தெரிந்ததும் அவன் வங்கிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னான். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கணக்கின் வகையையே மாற்ற வேண்டும், பாஸ்போர்ட்டும் விசாவும் தூதரகக் கையெழுத்தோடு வர வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட் படகு முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. ஒப்பந்தம் முடியாமல் தரமாட்டேன், கொடுத்தால் ஓடிவிடுவாய் என்று அந்த ஆள் சொல்லிவிட்டான். லீவும் கிடையாது. பஜாரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போனில் இருந்த பாஸ்போர்ட், விசாவின் பழைய போட்டோக்களை எனக்கு அனுப்பினான், நானும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் வங்கி விலாசத்தைச் சரிபார்க்க ஓர் ஆளை அனுப்பியிருக்கிறது. சட்டையை இன் பண்ணி, கையில் பையோடு ஒருவன் வாசலில் வந்து நின்று, "துளசிங்கம் வீடு இதானே? அவர் இங்கதான் இருக்காரா?" என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண் என்ன சொல்வாள்? துளசிங்கத்தின் மனைவி கோமளா யோசிக்கவேயில்லை.

"கீறாரு. ஏரிக்குப் போய்க்கீறாரு."

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, கேட்காமலே, "காத்தால கூட பாத்தேனே" என்று ஒரு சாட்சியும் சொல்லியிருக்கிறாள். பாடு முறையைக் காப்பாற்ற இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்கள். வந்தவன் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான்.

போனில் பேசுகிறவன் பஹ்ரைனில் இருக்கிறேன் என்கிறான், வீட்டில் ஏரிக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். யாரோ ஆள்மாறாட்டம் செய்கிறார்கள் என்று வங்கி கணக்கை முழுசாகவே முடக்கிவிட்டது.

இந்த நேரம் பார்த்து அவன் மகள் சுபஸ்ரீயின் நர்சிங் கல்லூரியில் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி வந்தது. கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. வேறு வழியில் அவன் அனுப்பிய பணம் வீட்டுச் செலவுக்கே போதவில்லை. ஏரியில் இறால் இல்லாத காலம், ஊரில் யாரிடமும் கைமாற்றுக்கூட வாங்க முடியாது. கோமளா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

"நீங்களே இங்க இருக்காருன்னு சொல்லியிருக்கீங்களேம்மா. அப்ப நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"அது தெரியாம சொல்லிட்டேன் சார். அவுரு இங்க இல்ல."

"நான் எதை நம்பறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கடைசியில் அவரே மனம் இரங்கி ஒரு வழி சொன்னார். இவர் பல வருஷமாக வெளிநாட்டில்தான் இருக்கிறார், இந்த ஊரில் குடியில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்து சீல் போட்டு எழுதிக் கொடுத்தால், அதை வைத்து மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அந்தக் கடிதம் எதை விலையாகக் கேட்கிறது என்று எனக்கும் கோமளாவுக்கும்தான் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் நேராக நாட்டார் வீட்டுக்கு நடந்தாள்.

நாட்டார் ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. கோமளா சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"வாயால சொன்னா காது கேக்கலன்னு இருந்துடலாம்மா. இம்மாம் நாளும் அப்டித்தான் இருந்தேன். ஊர் சீல் குத்தி நானே எழுதிக் குட்த்துட்டா, அப்பறம் அவன் பேர்ல எப்டி பாடு வுடுறது? நாளைக்கு நாலு பேரு வந்து கேப்பான். நான் இன்னா பதில் சொல்ல? உன் புருஷங்கிட்ட நல்லா கேட்டுக்கினு வா."

அன்று சாயங்காலம் என் கடையில் வைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டோம். கோமளா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் துளசிங்கம் கேட்டான்.

"வேற வழியே இல்லியா?"

"இல்லங்க. எல்லாம் என்னாலதான். அன்னிக்கு அந்த ஆளாண்ட..."

"உன்னால இல்ல. நான் இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்."

சுபஸ்ரீ தாங்க முடியாமல் குறுக்கே புகுந்தாள். "நைனா, நான் படிப்ப வுட்டுடறேன். நீ வந்து கட்ட வேண்டிய பாடு அது."

"வாய மூடு" என்று கத்தினான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நீ பரீட்சை எழுதும்மா. கோமளா, லெட்டர வாங்கிக்கோ." அப்புறம், "பாடு கூட்டத்தன்னிக்கு தீனாவ போன லைன்ல வெச்சிக்கச் சொல்லு. நான் கேக்கணும்" என்றான்.

கடிதம் கிடைத்தது. நான்தான் டைப் அடித்தேன். மேலிடத்திலிருந்து பதில் வந்து, கணக்கு திறந்து, கடைசித் தேதிக்குள் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மிச்சப் பணமும் பத்திரமாக இருக்கிறது. திரும்பி வருவதற்கென்று சேர்த்த பணத்தை, அவன் இந்த ஊரில் இல்லை என்று எழுதிக் கொடுத்து மீட்டோம்.

அடுத்த பாடு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கோமளா மற்றப் பெண்களோடு கோயில் மதிலோரம் நின்றிருந்தாள். தீனா போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். நாட்டார் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். துளசிங்கத்தின் பெயரைத் தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பழக்கமோ, முறையோ, கூப்பிட்டுவிட்டார்.

தீனா அவசரமாக எழுந்தான். எழுந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. வாயைத் திறக்காமல் மெல்ல உட்கார்ந்தான்.

அப்போது தீனாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் குரல் வந்தது. சின்னதாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கீறேன், நாட்டாரே. நான் கீறேன்."

கோமளா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மதில் பக்கம் திரும்பிவிட்டாள். நாட்டார் எப்போதும்போல் தலையை ஆட்டவில்லை. குனிந்தபடியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.