ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம்

சமவெளியில் அது வாய் திறக்காது. கச்சிராயபாளையம் தாண்டி, சாலை மலையை நோக்கி முதுகைத் தூக்கும் இடத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும், என் பேட்டரி சைக்கிளின் பின்சக்கரம் கரகரக்கும். சோற்றில் கல் அகப்பட்ட வாய் போல. திருகுவதை விட்டால் அமைதி. இறக்கத்திலும் அமைதி.

அந்த ஏற்றத்தின் மேல்தான் நான் வேலை பார்க்கும் பால்வாடி. காலையில் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. சைக்கிள் நின்றால் வேலையும் நிற்கும். இது என் கணவருக்குத் தெரியும். சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அவர் இப்படியொரு சத்தத்துக்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ.

"மோட்டாரு போச்சு. வித்துட்டு வூட்ல இரு," என்றார், சக்கரத்தைப் பார்க்காமலே.

பார்க்காமல் சொன்னது அழகில்லை என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சபை கூடியது. அவர், அவருடைய அண்ணன், எதிர்வீட்டு மளிகைக்கடை பாய். எங்கள் ஊர் ஆண்களுக்கு உலகத்திலுள்ள மோட்டாரெல்லாம் கிணற்று மோட்டார்தான். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய பரம்பரையே அந்த மூடிய கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள்.

"ஒண்ணும் கேக்கலியே," என்றார் பாய்.

"எப்பிடி கேக்கும் பாய்? காத்துல சுத்திக்கினு கீது. பாரம் இல்ல," என்றேன்.

"நீ செத்த சும்மா இரும்மா. பேரிங்கு காஞ்சி கெடக்குது," என்றார் கணவரின் அண்ணன். "எண்ணெ வுட்டா செரியாப்பூடும்."

ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் பேரிங் காய்ந்துவிட்டது. இந்த அறிவை நம்பியும் எங்கள் கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறது என்றால் அது தண்ணீரின் பெருந்தன்மை.

அச்சின் இடுக்கில் எண்ணெய் விட்டார்கள். அது வழிந்து பிரேக் தட்டில் இறங்கியது. மறுபடி சுழலவிட்டுப் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் கீச்சிட்டது. மூன்று முகங்களும் மலர்ந்தன.

"பாத்தியா? இதான் அந்தச் சத்தம்," என்றார் கணவர்.

தாங்களே போட்ட பொருளைத் தெருவில் கண்டெடுத்தவர்களின் மகிழ்ச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தட்டைத் துடைத்தேன். பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"ஏங்க, பின்னால உக்காருங்க."

"இன்னாத்துக்கு?"

"பாரத்துக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். "போடா, அதுக்காவது ஒதவு."

தெருவே வேடிக்கை பார்க்க, கேரியரில் உட்கார்ந்து வந்தார். யாரும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்; எனக்குப் பார்க்காமலே தெரியும். ஏற்றத்தின் அடியில் திருகினேன். அன்று வந்தது கரகரப்பு இல்லை, அரைப்பு. அவருக்கு நேர் கீழே.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. நிறுத்து."

"பேரிங்குதான?"



அவரை இறக்கிவிட்டு, மோட்டாரை அணைத்து, சைக்கிளை முன்னால் தள்ளினேன். ஓசையில்லை. பின்னால் உருட்டினேன். கர், கர். பேரிங் போயிருந்தால் இரண்டு பக்கமும் முனகும். இந்த மோட்டாருக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் பின்னால் உருட்டும்போதும், மோட்டார் இழுக்கும்போதும் மட்டுமே சுற்றும். சைக்கிள் வாங்கப் போன அன்று கள்ளக்குறிச்சிக் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் அப்போது ஒரு ஹெல்மெட்டை இனாமாக வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள நைலான் பல்லு தேஞ்சி போச்சு. மோட்டாரு நல்லாத்தான் கீது. பல்ல மட்டும் மாத்துனா போதும்."

"அப்ப விக்க வாணாமா?"

குரல் அப்படியே இறங்கிவிட்டது. மலையடிவாரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு மனிதன் தன் மனைவியின் சைக்கிள் பிழைத்துக்கொண்டதற்காகத் துக்கப்பட்டு நின்றான்.

"வாணாம்," என்றேன்.

பற்சக்கரம் வந்துசேரச் சில நாளாகும் என்று கடையில் போனில் சொன்னார்கள். திங்கட்கிழமை மோட்டாரை அணைத்துவிட்டு ஏற்றம் முழுக்க மிதித்தேன். பாதியில் இறங்கித் தள்ளவும் செய்தேன். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிப்போனது. பால்வாடி வாசலில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டைத் திறந்தேன்.