கல்லில் ஒட்டிய பொத்தான்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'பாட்டில் அக்கா'. பதினாறு வருடமாகப் பாட்டில் கழுவும் வேலை. ஒருமுறை, குளத்திலிருந்து நான் பிடித்துவந்த ஒன்பது பூச்சிகளையும் பாட்டில் மிச்சமாகட்டுமே என்று ஒரே ஜாடியில் போட்டு மூடிவிட்டார். மறுநாள் காலையில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அடியில் வெறும் தோல்கள்.

"மேடம், எட்டையும் இந்தப் படுபாவி உறிஞ்சிக் குடிச்சிடுச்சு!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது நீச்சல் வண்டின் புழு. அரிவாள் தாடை, ஆறு கால், வால் நுனியில் இரண்டு இழை என்று லென்ஸில் காட்டினேன். அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவில்லை. முதுகில் இறக்கை மொட்டு தெரிந்தால் தட்டான் குஞ்சு, இல்லாவிட்டால் வண்டுப் புழுவா என்று பார்க்கவேண்டும் என வீட்டில் வெங்காயம் உரிக்கும்போதும் ஒப்பிப்பாராம். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் கணவர், "எனக்கு ரெண்டு காலும் வலிக்குது, முதல்ல அதைப் பாரு" என்பாராம்.

சாயக்கழிவால் செத்துப்போய், பட்டறை மூடி ஐந்து வருடமான ஓடையிலிருந்து போன மாதம் ஒரு வாளித் தண்ணீரும் கற்களுமாக வந்தேன். வருடாவருடம் போலவே ஒன்றும் தட்டுப்படவில்லை. 'உயிரினம் இல்லை' என்று எழுதிவிட்டுக் கற்களைக் கழுவக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"மேடம், ஓடி வாங்க! இந்தப் பொத்தானுக்குக் கால் இருக்கு!"

சட்டைப் பொத்தான் அளவில், தட்டையாக, பழுப்பாக ஏதோ ஒன்று கல்லோடு கல்லாக ஒட்டியிருந்திருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. அழுக்கு இவ்வளவு அடம்பிடிக்காதே என்று தூரிகை முடியால் மெல்ல நெம்பிப் புரட்டியிருக்கிறார். அடியில் ஆறு கால்கள், பஞ்சு போல் செவுள்கள். சுத்தமாக ஓடும் தண்ணீரில் மட்டுமே வாழும் வண்டின் புழு! என் கண்ணுக்குத் தப்பியது.

"அக்கா, ஓடை பிழைச்சிடுச்சு!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் சோப்பு நுரை.

எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். 'அடையாளம் கண்டவர்' என்ற இடத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கியவர், "தப்பா இருந்தா?" என்றார். "காலை எண்ணினீங்கல்ல?" என்றேன். "மூணு தடவை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஓடைக்கே வந்துவிட்டார். அந்த மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்று கல் கல்லாகப் புரட்டினார். "இதுவா? இது?" அக்கா கரையிலிருந்தே, "அது பாசிங்க! அடுத்ததைப் பாருங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது கல்லில் "கால் இருக்கு!" என்று மனிதர் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.