பேசாத மாமன் மச்சான்

விழுப்புரத்தில் ஒரு வதந்தி உண்டு. திண்டிவனம் கூடைப்பந்து அணிக்கு மாஸ்டராக இருந்த இருதயராஜ், ஒரு கோப்பைக்கு ஆசைப்பட்டு ஒரு குடும்பத்தையே கிழித்துப் போட்டவராம். மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவில் கோள் மூட்டி, பேச்சை அறுத்து, அந்தப் பகையை வைத்தே ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தாராம். 2012 வாக்கில்கூடப் பழைய ஆட்டக்காரர்கள் டீக்கடையில் கூடினால் இதைச் சொல்லி இளித்துக்கொண்டிருந்தார்கள். இளித்தவர்களில் ஒருவராவது பஸ் ஏறித் திண்டிவனம் போய் விசாரித்ததில்லை. விசாரித்துப் பார்த்தால் கதை வேறு. அதற்காக அது நல்ல கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இருதயராஜுக்குச் சொந்த ஊர் முகையூர்ப் பக்கம். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அருவருப்பு அவருக்குப் பிறவிக் குணம். பொன்னாடையைக் கண்டால் குமட்டும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கைகுலுக்குகிற சிறப்பு விருந்தினரின் ஈரக்கை குமட்டும். அந்த விருந்தினர் கண்ணெதிரிலேயே கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலை ஆடுகளத்திலேயே துப்புவார்கள். அதில் ஒருவன் வழுக்கி விழுந்தால் கைதட்டுவார்கள். இந்த ஊருக்கு மைதானம் எதற்கு, ஒரு பெரிய எச்சில் தொட்டி கட்டிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார் இருதயராஜ்.

1993-இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு, மாவட்டத்துக்கென்று தனிக் கோப்பை வந்தது. திண்டிவனத்தில் அரிசி மில் அரிபிரசாத் ஒரு அணி சேர்த்தார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுத்தார். வாங்கியவர்கள் தங்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கொடுத்தவர் தன்னைக் கொடைவள்ளல் என்று சொல்லிக்கொண்டார். இரண்டும் ஒரே அளவுக்கு உண்மை.

அணியில் பனைமர உயரத்துக்கு இரண்டு பேர். ஒருவர் தேவநாதன். இன்னொருவன் அவர் மனைவி பரிமளாவின் தம்பி சீனுவாசன். சீனுவாசனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்க ஒரு வழி இருந்தது. ஜெயித்த அணியில் ஆடினான் என்று மாவட்டச் சான்றிதழ் வேண்டும். 1996-ஐ விட்டால் வயது தாண்டிவிடும். அந்த வருஷத்துக் கோப்பை மற்றவர்களுக்கு அலமாரிப் பொம்மை. அவனுக்கு மட்டும் சோறு.

அந்த வருஷம்தான் பரிமளாவின் பெண் குழந்தைக்குக் காது குத்தினார்கள். தகப்பன் என்பதால் தேவநாதனுக்கு விடுப்பு. தாய்மாமன் சீனுவாசன் பயிற்சிக்கு வந்து, சீக்கிரம் விடச் சொல்லி நின்றான்.

"கொழந்தைய என் மடியில வச்சித்தான் சார் குத்தணும்."

"குத்தறது ஆசாரி. ஒன் மடி எங்க ஓடிப் போவுது? பத்து பந்து வரிசையா உள்ள போவட்டும், போ."

ஒன்பது போகும், பத்தாவது வளையத்தில் பட்டுத் தெறிக்கும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அவன் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டுகிறதென்று தேவநாதன் தன் பங்காளி ஒருவனை மணையில் உட்காரவைத்துக் காரியத்தை முடித்திருந்தார். தாய்மாமன் குத்துக்கல்லாக உயிரோடிருக்க, தகப்பன் வழி ஆள் மடியில் காதுகுத்து. சீனுவாசன் சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான். அதோடு பேச்சு அறுந்தது.

ஆக, இருதயராஜ் கோள் மூட்டவில்லை. பத்துப் பந்து போடச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு உயரமான ஆட்களை ஒரே நேரத்தில் கூடைக்கடியில் நிறுத்துவது அந்த நாளில் மாவட்டத்தில் எவரும் செய்யாத காரியம். ஒருவன் ஆடுவான், ஒருவன் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். கள்ளக்குறிச்சி ஆட்டத்தன்று அணியில் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை. வேறு வழியில்லாமல் இருவரையும் சேர்த்து இறக்கினார் இருதயராஜ். முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியது போலத்தான் இருந்தது. பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் நடந்தது வேறு. தேவநாதன் கையில் பந்து வந்ததும் எதிரணி முழுக்க, அடுத்தது மச்சானுக்குத்தான் போகும் என்று சீனுவாசனைச் சூழ்ந்துகொண்டது. செத்தாலும் அவனுக்குக் கொடுக்கமாட்டார் தேவநாதன். பந்து வெளியே, ஆளில்லாத இடத்தில் நிற்கிறவனிடம் போகும். அவன் நிதானமாக, வெற்றிலை போடுகிற மாதிரி, கூடையில் போடுவான். சீனுவாசன் கையில் வந்தாலும் இதே கதை. உலகத்தில் எந்த அணியும் ரோஷத்தைக் காவல் காக்கப் பழகியதில்லை.

அதன்பிறகு ஆட்டம் ஆட்டமாக ஜெயித்தார்கள். இருதயராஜும் அந்தப் பகையைக் காற்றுப் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்தார். பஸ்ஸில் ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால். தண்ணீர்க் குடம்கூடத் தனித்தனி. தப்பித்தவறி ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கிற மாதிரித் தெரிந்தால் விசிலை ஊதி மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பார். இந்தப் பிழைப்பு அவருக்கே அருவருப்பாகத்தான் இருந்தது. ஜெயிப்பது அதைவிடக் கொஞ்சம் ருசியாக இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பரிமளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

"சார், நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. எங்க அம்மா ஊட்டுப் பக்கமே என்ன வுட மாட்டேங்கறாரு."

"ஃபைனல் முடியட்டும்மா. ஒந் தம்பி வேலைக்குத்தான சொல்றேன்."

"அவன் வேலைக்குப் போயி எங்கூட பேசாம இருந்தா இன்னா, வேலை இல்லாம பேசாம இருந்தா இன்னா? அன்னிக்குக் கொஞ்சம் முன்னாடி வுட்டிருந்தீங்கன்னா இந்த பேஜாரே இல்ல சார்."

இருதயராஜ் பந்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அரிசி மில்லுக்குப் போனாள்.

அரிபிரசாத்துக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. உள்ளாட்சித் தேர்தல் வரப் போகிறது. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியவான் என்று நோட்டீஸ் அடிக்கலாம். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மில் களத்தில் பந்தல், பிரியாணி, போட்டோ எடுக்க ஆள். மாமன் மச்சானை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் வாயில் ஒருவர் ஜிலேபி ஊட்டச் சொன்னார். பாகு வழிகிற விரல் அடுத்தவன் வாய்க்குள் போய் வந்ததை இருதயராஜ் பார்த்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை ஊட்டச் சொன்னார்கள். அரிபிரசாத் பொன்னாடை நுனியில் மூக்கைச் சிந்திவிட்டு அதே பொன்னாடையை மாஸ்டர் தோளில் போட்டார். இருதயராஜ் இலையில் கை வைக்காமல் எழுந்து போனார். பரிமளா மட்டும் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் விழுப்புரத்தில் ஆட்டம். எதிரில் விழுப்புரம் அணி. திண்டிவனத்துக்குப் புதிதாக வந்திருந்தது பாசம். தேவநாதன் பந்தை எடுத்தால் மச்சானுக்குத்தான் கொடுப்பார். மச்சான் எடுத்தால் மரியாதையாக மாமனுக்கே திருப்புவான். வெளியே நின்றவன் தனியாகக் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்தான். இருவரையும் சுற்றி ஒரு வேலி போட்டதும் விழுப்புரத்துக்காரர்களின் வேலை முடிந்தது. இருதயராஜ் ஒருவரையாவது வெளியே எடுத்திருக்கலாம். சமாதானமான மறுநாளே பிரித்தால் ஜனம் என்ன சொல்லும் என்று அரிபிரசாத் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்திருந்தார், சிறப்பு விருந்தினர்களுக்கே உரிய ஈரக் கையால்.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளிதான் குறைவு. பந்து சீனுவாசனிடம், கூடைக்கு நேர் கீழே.

"மாமா, நீ போடு."

"ஒனக்குதான்டா வேலை. நீ போடு மச்சான்."

"ஜெயிக்கிற பந்து பெரியவங்கதான் போடணும் மாமா."

"இன்னாத்துக்குடா, நீதான்…"

முப்பது விநாடிக்குள் கூடைக்குப் போடவேண்டும் என்பது சட்டம். விசில் ஊதினார்கள். பந்து விழுப்புரத்துக்குப் போனது, அதோடு கோப்பையும்.

அரிபிரசாத் கவுன்சிலர் ஆனார். சீனுவாசனை அவர் கைவிடவில்லை. மில் லாரி ஓட்டும் வேலை கொடுத்து, அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டார். பரிமளா அம்மா வீட்டுக்குப் போக வர இருந்தாள். தோற்றதற்காக அவள் யாரிடமும் வருத்தம் சொன்னதாகத் தகவல் இல்லை. இருதயராஜ் அதன்பிறகு எந்த அணிக்கும் மாஸ்டராக இருக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளியில் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக் கொடுத்தார்.

ஜெயித்த சான்றிதழோடு ரயில்வேயில் சேர்ந்தவன் விழுப்புரம் அணியின் கேப்டன். அன்றைக்குக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்திருந்த சீனுவாசனின் தோளைத் தட்டி, "மனசுல வச்சிக்காதண்ணா, திண்டிவனத்துல ஒரு ரிட்டர்ன் மேட்ச் ஆடலாம். நாங்களே வர்றோம்" என்றான். தோற்றவர் ஊருக்கு ஜெயித்தவர் ஒருமுறை போய் ஆடுவது அப்போது எல்லா அணிகளும் மதித்த வழக்கம்.

பிறகு அவன் டிக்கெட் பரிசோதகர் ஆனான். ரயில்வே கேட்டில் லாரி நிற்கும்போது, போகிற ரயிலின் வாசலில் நின்றால் சீனுவாசனுக்குக் கையாட்டுவான். வர்றேன் என்று சைகையும் செய்வான். 2012 வரை வரவில்லை.