ரீட்டா அக்காவின் ஊசி டப்பாவும் ஒரு ஹவாயன் கிட்டாரும்

போன சனிக்கிழமை நடந்தது, வரிசையாக:

1. ராயபுரத்திலிருந்து ஆரோக்கியம் அண்ணன் ஒரு பழைய ஹவாயன் கிட்டாரைப் போர்வையில் சுற்றி, திருவொற்றியூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

2. கடல் காற்றில் துருவேறியிருந்த, கம்பியை முறுக்கும் கீக்களைக் கழற்றிப் புதுசு போட்டேன். வால்யூம் கன்ட்ரோல், ஜாக், ஒயர் எல்லாமே புதுசு. பழைய கிட்டாரில் இல்லாத எர்த் ஒயர் ஒன்றையும் சேர்த்தேன்.

3. ஆம்ப்ளிஃபயரில் சொருகி மீட்டினேன். கொசு முனகுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

4. அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹவாயன் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். ஸ்வரம் படியேறாது... சறுக்கும், குழையும், சில நேரம் விசும்பும். எண்ணூர் ஆலையில் மோட்டார்களுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு, வார இறுதியில் இந்தக் கிட்டார்கள்தான் நோயாளிகள்.

அண்ணன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாதா கோயில் பாட்டுக்குழுவில், அதாவது கொயரில், கிட்டார் அவருடையது. ஆனால், ஒரு காலத்தில். சத்தம் குறைந்து கிட்டார் பரணுக்குப் போன பிறகு, கொயரில் கடைசி வரிசையில் நின்று கஞ்சிரா தட்டுகிறார். மறுநாள் திருவிழா. கிட்டார் பாடினால் பழைய இடம். பாடாவிட்டால்?

“கீபோர்டு தம்பி சொல்ட்டான், தங்கச்சி. ‘உன் கிட்டார் சவுண்டு என்னாண்ட ஒரு பட்டன்ல கீது, நீ குந்துண்ணே’ன்றான். நாளைக்கு அவன் அந்தப் பட்டன அமுத்திட்டான்னா, அப்பால என்ன எவன் கூப்புடுவான்?”

மறுபடி பார்த்தேன். கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் காயிலில் பழுதில்லை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் வெறும் ஸ்க்ரூ ஓட்டைகள்.

“இங்க எதாவது இருந்துச்சாண்ணே?”

“ரெண்டு மூடி இருந்திச்சு. லாடமாட்டம் வளைஞ்சினு இருக்கும். கை இடிக்குதுன்னு முன்ன ரிப்பேர் பண்ணவன் கழட்டிக் குட்த்துட்டான்.”

“அது மூடி இல்லண்ணே. காந்தம்! அது இல்லாம எப்படிச் சத்தம் வரும்? இப்ப எங்க?”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “அதான் பேஜாரு... உங்க அண்ணியாண்ட கீது.”

கிட்டாரையும் ஆம்ப்பையும் ஆட்டோவில் ஏற்றி ராயபுரம் போனோம். அண்ணி, அதாவது ரீட்டா அக்கா, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். ஒரு காந்தம் அவருடைய ஊசி டப்பாவில் முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று மெஷினின் இரும்புக் காலில் ஒட்டி, கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“குடுக்க மாட்டேன்பா. ஊசி கீய வுய்ந்தா யாரு பொறுக்குவா, உங்கண்ணனா?”

“நாளைக்குத் திருவியா, ரீட்டா. மாதா பாட்டு முக்கியமா, ஊசி முக்கியமா?”

“ஊசி குத்தாத பிளவுசப் போட்டுகினுதான்யா அல்லாரும் பாட்டு கேக்க வருவாங்க!”

நல்ல பதில்தான். வேறு காந்தம் தருவதாக நான் வாக்குக் கொடுத்த பிறகே ஊசிகளை ஒவ்வொன்றாக உதிர்த்தார்.

கம்பிகளைத் தளர்த்தி, இரண்டு காந்தங்களையும் எதிரெதிரே வைத்தேன். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டன. ஆஹா, எவ்வளவு சுலபம்! முடுக்கினேன். மீட்டினேன்.

மறுபடியும் கொசு.

“பட்டனே பரவால்ல போல கீதே,” என்றார் அக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. போர்வையை எடுத்து மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டால் அவற்றின் சக்தி அவற்றுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். கம்பிக்கு என்ன மிஞ்சும்? இதைப் படித்துப் பாஸ் செய்தவள் நான். சுலபமாகப் பொருந்துவதுதான் சரியான பொருத்தம் என்று கை நம்பிவிட்டது!

ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது இரண்டும் ஒன்றையொன்று தள்ளின. கட்டைவிரல்கள் சிவக்க நான் அழுத்திப் பிடிக்க, அண்ணன் ஸ்க்ரூவை முடுக்கினார்.

“இன்னாடி இது, எங்க ரெண்டு பேராட்டம் முட்டிகினு கீது,” என்றார் அக்கா.

அண்ணன் கிட்டாரை மடியில் வைத்தார். இரும்புத் துண்டைக் கம்பியின் மேல் இழுத்தார்.

அந்தச் சத்தம் சுவரில் மோதித் தெருவுக்குப் போனது. எர்த் ஒயர் புண்ணியத்தில் துளி இரைச்சல் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவின் கால் மெஷின் பெடலில் அப்படியே நின்றது. ஒரு முழுப் பாட்டு முடிந்ததும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அடப்பாவி... இத்த வெச்சிகினா நான் ஊசி பொறுக்கினு இருந்தேன்?”

என் வேலையை நானே மெச்சிக்கொள்வது வழக்கமில்லை. அன்று மெச்சிக்கொண்டேன். சத்தமாகவே.

முட்டிக்கொண்டே சேர்ந்திருப்பவர்களைப் பார்த்து இனிமேல் பரிதாபப்பட மாட்டேன். பாட்டு அங்கிருந்துதான் வருகிறது போலிருக்கிறது.

இன்றைய நிலவரம்: திருவிழாவில் அண்ணன் முதல் வரிசையில் வாசித்தார். கீபோர்டு தம்பி பட்டனைத் தொடவில்லை. ஊசி டப்பாவில் என் பழைய ஸ்பீக்கரின் காந்தம் இருக்கிறது — ‘பழசு மாரி ஒட்டல’ என்று அக்காவிடமிருந்து தினமும் ஒரு புகார்.